கம்பளிக்குள் மலையகம்

இலங்கை மலையகத்துக்குப் போய்வந்தவர்களிடம் "என்னென்ன பார்த்தீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். "எங்கெங்கே படுத்தீங்க?" என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வேன். டெவன் அருவி பார்த்தேன், சென் கிளேயர் அருவி பார்த்தேன், நுவரெலியாவில் கிரகரி ஏரியைச் சுற்றி நடந்தேன். எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அட்டனிலும் நுவரெலியாவிலும் நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அதற்கு முன்னால் அருவியாவது, ஏரியாவது! ரயில் இருக்கையில், யாத்திரிகர் மடத்தில், துரை பங்களாவில், தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில், தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக் காம்பராவில் என்று படுக்கையை மாற்றிக்கொண்டே போனேன். ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

நான் திருச்சிக்காரி. சித்திரை மாதம் மொட்டை மாடித் தரையில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அது ஆவியாகப் பறந்த பிறகு பாயை விரித்து, அப்படியும் நடுச்சாமம் வரை விசிறிக்கொண்டு கிடக்கிற ஊர். கழுத்துவரை கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூக்கு நுனி மட்டும் சில்லிட்டிருக்க, உள்ளே உடம்பு கதகதவென்று கிடக்கும் சுகம் எங்களுக்கு எங்கே கிடைக்கும்? ஏசி போட்டால் கிடைக்குமே என்பீர்கள். கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு மெஷின் தருகிற குளிர் வேறு. மலை தன்பாட்டுக்கு அனுப்பி வைக்கிற குளிர் வேறு. இதில் ஈரமண் வாசனை இருக்கிறது, யூகலிப்டஸ் வாசனை இருக்கிறது, எங்கோ அடுப்பு மூட்டிய புகை இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் பக்கம் சில விடியற்காலைகளில் புல்மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அது விழுந்த இடத்தில் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். பூமத்திய ரேகையிலிருந்து ஏழே பாகை தள்ளியிருக்கும் ஊரில் இந்தக் கூத்து!

முதல் தூக்கம் ரயிலில். கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து பதுளைக்குப் போகும் இரவு அஞ்சல் ரயில். பகல் ரயிலில் ஜன்னலோரம் பிடிக்க உலகமே அடித்துக்கொள்கிறது. போகட்டும், நான் ராத்திரி வண்டிக் கட்சி. நம்மூர் ஸ்லீப்பர் பெட்டிபோல வரிசையாகப் பெர்த் கிடையாது. முதல் வகுப்பில் இருந்த கொஞ்சம் படுக்கையும் எனக்குக் கிடைக்கவில்லை. உட்கார்ந்தபடிதான் தூங்க வேண்டும். நாவலப்பிட்டி வரை அது ஒரு சாதாரண வண்டி. வியர்வை, வடைக்காரர்கள், கொட்டாவி. அங்கிருந்துதான் பெரிய ஏற்றம் பிடிக்கிறது. நாற்பத்து நாலு அடி ஓடினால் ஓரடி உயரம் என்கிற கணக்கில், அதுவும் நம்மூர் அகலப் பாதையிலேயே ஏறுகிறது. எஞ்சினின் குரல் மாறுவது தூக்கத்திலேயே தெரியும். கலபொட, வட்டவளை, ரொசெல்ல என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள் மஞ்சள் விளக்கோடு வந்து போகின்றன. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இரண்டு மூன்று ஜன்னல்கள் இறங்குகின்றன. பைக்குள்ளிருந்து குரங்குக் குல்லா வருகிறது, மப்ளர் வருகிறது. எதிர் இருக்கையில் இருந்த பெண் தன் துண்டை எடுத்து மடியில் தூங்கிய பிள்ளையின் காதைச் சுற்றிக் கட்டினாள். அந்த முடிச்சைப் பார்த்தபடியே நானும் போனேன். சமவெளிக்காரர்கள் மலைக்காரர்களாக மாறுவதைத் தூக்கத்தினூடே பார்க்க வேண்டுமானால் இந்த வண்டிதான்.

வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டது ஜனங்கள் தூங்கிக்கொண்டு போவதற்காக இல்லை. மலையில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்தில் இறக்கத்தான். 1885இல் நானுஓயா வரை வந்தது, 1924இல் பதுளையைத் தொட்டது. அதற்கெல்லாம் வெகு முன்பே நம் ஜனங்கள் வந்துவிட்டார்கள், கால்நடையாக. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழி. அவர்கள் எங்கே படுத்தார்கள்? மரத்தடியில், ஓலைக் கொட்டகையில், வெட்டவெளியில். காலராவிலும் காய்ச்சலிலும் படுத்தவர்களில் எத்தனையோ பேர் எழுந்திருக்கவில்லை. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நடைபயணம் போனார்கள். வழிநெடுகத் தங்கித் தங்கித்தான் போனார்கள். அந்தப் பாதை நினைவுக்கு வந்தபோது ரயில் இருக்கை கொஞ்சம் முதுகை உறுத்தியதைப் பற்றிப் புகார் சொல்ல வாய் வரவில்லை.

அட்டனில் வண்டி நின்றதும் பாதிப் பெட்டி காலி. வெள்ளை உடுத்திய குடும்பங்கள் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை மூட்டை முடிச்சோடு இறங்கின. சிவனொளிபாதமலை சீசன் அது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரை. நோர்வுட், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி வரை பஸ். வழியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா ஊரே அதற்கடியில்தான் இருக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் வருஷங்களில் பழைய கோயில் தலைகாட்டும்.

நல்லதண்ணியில் நான் படுத்தது யாத்திரிகர் மடம் ஒன்றின் சிமெண்டுத் தரையில். ஒரு பாய், அதன்மேல் என் சால்வை, தலைக்குப் பை. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். குறட்டையில் மட்டும் எத்தனை ராகம்! இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேல் படிகள், உச்சி 2,243 மீட்டர். ஏறுகிற கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன். யாரும் எழுதாதது, வழியில் இருக்கும் தேத்தண்ணிக் கடைகளின் பெஞ்சுத் தூக்கம். கால் நடுங்குகிற இடத்தில் ஒரு கடை வரும். சுடச்சுட இஞ்சி போட்ட பிளேன்டீ, வாயில் ஒரு துண்டுச் சர்க்கரை. குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு முழு ராத்திரி. கடைக்காரர் எழுப்ப மாட்டார். எழுந்தபோது என் முழங்காலில் யாரோ சாக்கைப் போர்த்தியிருந்தார்கள்.

உச்சியில் விடியலுக்குக் காத்திருக்கும்போது காற்று எலும்பில் ஊசி போடும். ஒட்டி ஒட்டி உட்கார்ந்தால்தான் தாங்கும். என் பக்கத்தில் ஒரு சிங்களப் பாட்டி. எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "துவ" என்று கூப்பிட்டு, தன் போர்வையின் ஒரு பாதியை என் தோளில் போட்டார். புத்தர் பாதம் என்று வந்தவர் அவர், சிவன் பாதம் என்று வந்தவள் நான்; ஆதமின் பாதம் என்று வருகிறவர்களும் அதே படியில்தான் வருகிறார்கள். அவர் தோளில் தலையைச் சாய்த்தவள், சூரியன் வந்து ஜனங்கள் "சாது, சாது" என்று எழுப்பிய சத்தத்தில்தான் விழித்தேன். மலையின் நிழல் கீழே மேகத்தின்மேல் முக்கோணமாக விழுந்திருந்தது. அதையும் பார்த்தேன். ஆனாலும் அந்தப் போர்வைதான் எனக்குப் பெரிது.

அடுத்தது துரை பங்களா. காசில்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியும் பொகவந்தலாவைப் பக்கமும் பழைய துரைமார் பங்களாக்களை 2005 முதல் சொகுசு விடுதிகளாக நடத்துகிறார்கள். சிலோன் டீ டிரெயில்ஸ் என்று பெயர். அதில் டியன்சின் பங்களா 1888இல் கட்டியது. ஓர் இரவு வாடகையைக் கேட்டதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது. நல்லவேளையாக, அவ்வளவு பகட்டில்லாத பங்களாக்களும் தோட்டங்களில் வாடகைக்கு உண்டு. அப்படி ஒன்றில் தங்கினேன்.

அந்தக் கட்டிலைச் சொல்ல வேண்டும். முக்காலி போட்டு ஏற வேண்டிய உயரம். சிவப்பு சிமெண்டுத் தரையில் முகம் பார்க்கலாம், அப்படிப் பாலிஷ். சுவரில் கணப்படுப்பு, சாயங்காலமே பங்களா அப்பு யூகலிப்டஸ் கட்டைகளை அடுக்கித் தீ மூட்டிவிட்டார். நாற்பது வருஷமாக அந்தக் குசினியில் இருக்கிறாராம். எத்தனை துரைமாருக்குச் சூப்பு வைத்திருப்பார்! "நல்லா தூங்குங்கம்மா, ஆறு மணிக்கு பெட் டீ வரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கட்டை வெடிக்கும் சடசடப்பு, ஓட்டில் மழை, காலடியில் இரண்டு கம்பளி. அரசாள்கிறவர்கள் இப்படித்தான் தூங்கினார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆண்டவர்கள்தானே! கோப்பித் தோட்டங்களை 1869இல் வந்த இலைநோய் தின்று தீர்த்தபோது, அதற்கு இரண்டு வருஷம் முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிறகு மலை முழுக்கத் தேயிலை. ஒவ்வொரு தோட்டத்திலும் காற்றும் காட்சியும் உள்ள மேட்டில் ஒரு பங்களா. அதற்குக் கீழே உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ். அதற்கும் கீழே, பள்ளத்தில், லயம். தோட்டத்தில் யார் யார் எங்கே படுப்பது என்பதை மலைச்சரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விடிகாலை பெட் டீயோடு விறாந்தையில் நின்றபோது கீழே வரிசை வரிசையாக மினுக்கென்று விளக்குகள் தெரிந்தன. கொழுந்துக்காரர்கள் எழுந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. கீழே உள்ள அந்த விளக்குகளில் ஒன்றிலாவது படுக்காமல் ஊருக்குத் திரும்பக் கூடாது என்று அங்கேதான் முடிவு பண்ணினேன்.

நடுவில் நுவரெலியா டவுன். ஒரு லாட்ஜில் மெத்தை முழுக்க ஈரம், கம்பளியில் முன்னால் படுத்தவரின் தைல வாசனை, கீழே விடிய விடியப் பாட்டு. நான் தூங்காத ஒரே படுக்கை அதுதான், பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. ஹில் கிளப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். 1876இல் துரைமார் தங்களுக்காகத் தொடங்கிய கிளப். இன்றைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட்டாக வேண்டும். இல்லாதவர்களுக்கு இரவல் உண்டு. எனக்கு அந்தக் கோட்டு, டை விஷயத்தில் ஆர்வமில்லை. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை ஒன்றைச் செருகி வைத்துவிடுகிறார்கள் பாருங்கள், அதற்காக அந்த வெள்ளைக்காரர்களின் பாதிக் குற்றத்தை மன்னிக்கலாம். பாதிதான்.

இனிமேல் சொல்லப்போவது கந்தப்பளை. நுவரெலியாவிலிருந்து கொஞ்ச தூரம். ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலை ஸ்டோர், அதாவது தொழிற்சாலை, வேலை நின்று பல வருஷம் சும்மா கிடந்தது. அதை இடிக்காமல், அப்படியே ஹோட்டலாக மாற்றி 1996இல் திறந்தார்கள். இப்போது ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி. வெளியே பார்த்தால் இன்றைக்கும் ஸ்டோர்தான்: வெள்ளித் தகரச் சுவர், வரிசை வரிசையாக ஜன்னல். உள்ளே பழைய மெஷினும் சக்கரங்களும் அந்தந்த இடத்திலேயே நிற்கின்றன. இரண்டு நாள் சம்பளத்தை அள்ளி வைத்தால் ஒரு ராத்திரி கிடைக்கும் என்றார் தெரிந்தவர் ஒருவர். இரண்டு நாளா! எனக்கு அதைவிட நிறையவே ஆயிற்று. வைத்தேன். வருத்தமே இல்லை.

ஏன் தெரியுமா? அறைகள் இருக்கும் மேல்மாடிகள் அந்தக் காலத்தில் கொழுந்து வாட்டும் தட்டுகள் இருந்த இடம். பறித்த கொழுந்தை உடனே அரைத்துவிட முடியாது. மேல்தளத்தில் பரப்பி, காற்றோட்டத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடத்த வேண்டும். ராத்திரி முழுக்கக் கிடந்து, உடம்புத் தண்ணீரில் பாதிக்குப் பக்கம் இறங்கி, முறியாமல் மடிகிற பதத்துக்குத் துவண்ட பிறகுதான் ரோலருக்குப் போகும். நூறு கிலோ பச்சைக் கொழுந்து கடைசியில் இருபத்திரண்டு கிலோ போலத் தூளாகும். அதனால்தான் அந்தக் கட்டடத்துக்கு அத்தனை ஜன்னல். மலைக்காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. கொழுந்தைத் தூங்க வைக்கக் கட்டிய மாடியில் என்னைத் தூங்க வைத்தால் எப்படி இருக்கும்! ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்துப் படுத்தேன். கீழே தேயிலை மலைமேல் மேகம் இறங்கி வந்து கண்ணாடியில் ஒட்டியது. நானும் தண்ணீர் இறங்கித் துவண்டு கிடந்தேன். உலகத்தில் இதைவிடப் பொருத்தமான படுக்கையறை ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

அப்புறம் லயம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர். கொழுந்து பறிக்கிறவர். "நாங்க இருக்கிற எடத்துல படுக்க முடியுமா ஒங்களுக்கு?" என்று இரண்டு தரம் கேட்டார். முடியும் என்றதும், "அப்ப வாங்க, நம்ம வீட்டுலயே படுத்துக்கலாம்" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். வீட்டில் அவர், அவர் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், வீட்டுக்காரரின் அம்மா; எல்லோருக்கும் அவர் அம்மாயி. ஒரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். முன்னால் பலகையடித்த இஸ்தோப்பு என்கிற திண்ணை. பின்னால் அடுப்பு. கூரைத் தகரம் காற்றில் பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருக்கிறது. பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் ஒரே சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். அந்தப் பக்கம் ரேடியோவில் செய்தி வாசித்தால் இந்தப் பக்கம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் பிள்ளைகளோடு இஸ்தோப்புக்குப் போய்விட்டார், எனக்கு இடம் விட்டு. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுப்போரமாக அம்மாயிக்குப் பக்கத்தில் எனக்குப் பாய். கீழே உரச்சாக்கை மடித்துப் போட்டு, மேலே பழைய சேலைகளைச் சேர்த்துத் தைத்த மெத்து. சாப்பிட ரொட்டியும் கட்டச் சம்பலும், காரத்தில் காது அடைத்தது. விளக்கை அணைத்த பிறகு அம்மாயி பேச ஆரம்பித்தார். "எந்த ஊரு தாயீ?" திருச்சி என்றேன். "தொறையூரு பக்கமா?" அவருடைய தாத்தாவுக்குத் துறையூர். அம்மாயி துறையூரைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஊர் ஏரி, பெருமாள் மலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இருக்கிறதா இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தம் 1964இல் வந்து, அதன்படி அவருடைய அண்ணன் குடும்பம் கப்பலேறிப் போய்விட்டது. கூடலூர்ப் பக்கம் இருப்பதாகக் கடைசியாகத் தகவல். இதையெல்லாம் அவர் அழாமல், அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னார். பாதிக் கதையில் மழை தகரத்தில் இறங்கியது. பேச்சு காதில் விழவில்லை. என் கால் அவர் கம்பளிக்குள் போனதும், அவர் அதைத் தன் காலால் இறுக்கி வைத்துக்கொண்டதும்தான் ஞாபகம்.

என் ஆயுசில் தூங்கிய மிகச் சிறந்த தூக்கம் அது.

இதை எழுதும்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், லயத்தை அழகு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு குடும்பத்தை ஓர் அறையில் வைக்க வெள்ளைக்காரன் கட்டிய கொட்டடி அது. தலைமுறை தலைமுறையாக அதிலேயே பிள்ளை பெற்று, அதிலேயே கல்யாணம் செய்து, அதிலிருந்தே தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மலை சரியும் பயம் வேறு. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லய வரிசைகள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழும்பி வருகின்றன, இந்திய உதவியிலும் ஆயிரக்கணக்கில் கட்டியிருக்கிறார்கள், இன்னும் கட்ட வேண்டியது ஏராளம். அக்காவும் பட்டியலில் பேருக்காகக் காத்திருக்கிறார். எனக்கு அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது அந்தச் சுவர்களா? அம்மாயியின் கால். அது தனி வீட்டிலும் அப்படியேதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் நீட்டிப் படுக்க இடம் இருக்கும்.

விடிய நாலரைக்கு அக்கா எழுந்துவிட்டார். கோயில் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பீலித் தண்ணியில் முகம் கழுவியவள் பல்லெல்லாம் அடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதற்குள் ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்து, இடுப்பில் படங்கைச் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலைப் பேர்ப்பதிவுக்கு, புறப்பட்டாயிற்று. "நீங்க படுங்கக்கா, நான் மலைக்குப் போய்ட்டு வந்துர்றேன்." நான் படுக்கவில்லை, கூடவே மலை வரை நடந்தேன். அது வேறு கட்டுரை.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகாதீர்கள். அது அங்கே வசந்தகாலக் கொண்டாட்டம், கொழும்பே மலையேறி வந்துவிடும், அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு. ஜனவரியிலிருந்து மார்ச் நல்லது, சிவனொளிபாத சீசனும் சேர்ந்து வரும். ஒரே ஹோட்டலில் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு நாலு திசையும் கார் வைத்துச் சுற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் வேறு உயரத்தில் படுங்கள். பங்களாவில் ஒரு நாள் படுத்தால், கீழே தோட்டத்து ஜனங்களின் வீட்டில் இன்னொரு நாள் படுங்கள். புதுத் தனி வீடுகளில் அறை விடுகிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள், கோயிலிலோ தேத்தண்ணிக் கடையிலோ விசாரித்தால் தெரியும். பங்களாவில் பேரம் பேசுங்கள், தோட்டத்து வீட்டில் பேசாதீர்கள். எங்கே படுத்தாலும் கம்பளி இரண்டு கேளுங்கள், தருவார்கள்.